அடுத்த படியில் கால் வைக்கலாமா?

2007-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17-ந் தேதி. லண்டன் மாநகரில், லெஸ்டர் சதுக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய சூதாட்ட மாளிகை. 'போக்கர்' என்னும் சீட்டாட்டத்தின் ஐரோப்பிய உலகப் போட்டி அங்கே முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. ஆளுக்குப் 10,000 பவுன் கட்டி 362 பேர் அதில் இறங்கியிருந்தார்கள். நரைத்த தலைகள், புகழ் பெற்ற பெயர்கள், பல நாட்டு மேசைகளில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் சில்லுகள் அத்தனையையும் தன் பக்கம் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நார்வே நாட்டுப் பெண் ஒருவர். பெயர் அன்னெட் ஒப்ரெஸ்டாட். மறு நாள்தான் அவருக்கு 19 வயது நிறையப் போகிறது! பரிசுப் பணம் 10 லட்சம் பவுன். கூடவே, இந்தப் போட்டிகளில் வெல்கிறவர்களுக்கு அளிக்கும் தங்கக் கைக்காப்பு. அதுவரை அந்தக் காப்பை அணிந்தவர்களில் அவரே வயதில் மிகச் சிறியவர். அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரத்துச் சட்டப்படி 21 வயது ஆகாதவர் மேசையருகே உட்காரவே கூடாது. லண்டனில் 18 போதும் என்பதால்தான் அவர் ஆட முடிந்தது.

"சூதாட்டக் கதை நமக்கு எதற்கு?" என்று வாசக சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் கவனிக்கப் போவது அந்தப் பெண் வென்ற பணத்தை அல்ல. அவர் ஏறி வந்த படிகளை. காசே கட்டாத இலவசப் போட்டியில் தொடங்கி, சில்லறைப் போட்டி, அதற்கு மேல் இன்னொன்று என்று ஏறி வந்தவர் அவர். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி காத்திருக்கும்: "இப்போது அடுத்த படியில் கால் வைக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே நிற்கலாமா?" இந்தக் கேள்வி சீட்டாட்டக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. சின்னக் கடையைப் பெரிதாக்க நினைப்பவருக்கும், கடன் வாங்கி வீடு கட்ட நினைப்பவருக்கும், பங்குச் சந்தையில் கொஞ்சம் லாபம் பார்த்துவிட்டு 'இன்னும் பெரிதாகப் போடலாமே' என்று நினைக்கும் மருமகப் பிள்ளைக்கும் இதே கேள்விதான். சீட்டாட்டத்தில் கணக்கு பளிச்சென்று தெரிகிறது. அதனால் அங்கே பார்ப்பது சுலபம்.

படிகள் எப்படி இருக்கின்றன?

போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கொடுப்பார்கள். பொதுவாக ஐந்து சீட்டை மேசைமேல் திறந்து வைப்பார்கள். இவற்றில் சிறந்த ஐந்தைச் சேர்த்துப் பார்த்து, யார் கை உயர்ந்தது என்று தீர்மானிக்கிறார்கள். மிகப் பிரபலமான வகையின் சுருக்கம் இது. ஆனால் சீட்டைக் காட்டும் முன்பே பணயத்தை ஏற்றி எதிராளியைப் பயப்படுத்தி எழுப்பிவிடலாம். சாமர்த்தியம் அங்கேதான் நுழைகிறது.

இணையத்தில் நடக்கும் 'டோர்னமெண்ட்' எனப்படும் போட்டியில் எல்லாரும் ஒரே நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு சில்லுகள். சில்லு தீர்ந்தவர் வெளியே போக வேண்டியதுதான். கடைசி வரை தாக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் பரிசு. நுழைவுக் கட்டணம் ஒரு டாலராகவும் இருக்கும். 5, 11, 22, 55, 109 என்று ஏறிக்கொண்டே போய், ஆயிரக் கணக்கிலும் இருக்கும். இவைதான் படிகள். 11 என்றால் 10 டாலர் பரிசுத் தொகைக்கு, ஒரு டாலர் போட்டி நடத்துகிறவருக்கு என்று பொருள். அந்த ஒரு டாலரை மறந்துவிடாதீர்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

ஒப்ரெஸ்டாட் 15-வது வயதில் இணையத்தில் ஆட ஆரம்பித்தார். அந்த வயதில் ஆடியது விதிக்குப் புறம்பானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தம் கைப்பணத்தை ஒரு காசு கூடப் போட்டதில்லை, இலவசப் போட்டிகளில் கிடைத்ததை வைத்தே வளர்த்தேன் என்று அவர் கூறியிருக்கிறார். 2007-ல் ஒரு வேடிக்கையும் செய்து காட்டினார். 4 டாலர் கட்டணத்தில் 180 பேர் ஆடிய ஒரு போட்டியில், தம் சீட்டுகளை மறைத்துவிட்டே ஆடினார். ஒரே ஒரு தடவைதான் சீட்டைப் பார்த்தாராம். முதல் பரிசு அவருக்கே! எதிராளி எப்போது தயங்குகிறார், எப்போது துணிகிறார் என்பதை மட்டும் கவனித்து ஆடியிருக்கிறார். ஆனால் இந்த விஷப் பரீட்சையை அவர் 4 டாலர் படியில்தான் வைத்துக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். கை பழக வேண்டிய இடம் கீழ்ப்படி.

பூஜ்யத்திலிருந்து பத்தாயிரம்

படி ஏறுவதற்குச் சட்டம் போட்டுக்கொண்டு நடந்து காட்டியவர் இன்னொருவர். கிறிஸ் பெர்குஸன் என்னும் அமெரிக்கர். கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்ஜலிஸ் கிளையில் கணினி இயலில் டாக்டர் பட்டம் பெற்றவர். தகப்பனாரும் அங்கே கணிதப் பேராசிரியர். 2000-ம் ஆண்டு லாஸ் வேகஸ் உலகப் போட்டியில் முதலிடம் பெற்று 15 லட்சம் டாலர் வாங்கியவர்.

அப்பேர்ப்பட்டவர் 2006-ல் ஒரு சபதம் செய்தார். இணையத்தில் ஒரு டாலர்கூடக் கட்டாமல், இலவசப் போட்டியில் தொடங்கி, 10,000 டாலர் சேர்ப்பது என்று. ஆரம்ப நாட்கள் பரிதாபமாக இருந்தன. ஓரிரு டாலர் சேரும்; உடனே கரைந்துவிடும். உலக வீரர் மறுபடி இலவசப் போட்டியில் போய் வரிசையில் நிற்பார்! ஆனால் அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட மூன்று விதிகளை மீறவில்லை.

முதலாவது: ஒரே மேசையில் முடியும் ஆட்டம் எதிலும், கைமுதலில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் கட்டுவதில்லை.

இரண்டாவது: பல மேசைகளில் நடக்கும் பெரிய போட்டி என்றால் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் கட்டுவதில்லை.

மூன்றாவது: பணத்தை நேரே வைத்து ஆடும் மேசையில் தம் முன்னால் இருக்கும் தொகை கைமுதலில் நூற்றுக்கு 10 பங்கைத் தாண்டிவிட்டால், ஜயித்துக்கொண்டிருந்தாலும் சரி, தம் முறை வந்ததும் எழுந்துவிடுவது.

அடி மட்டத்துச் சில்லறை ஆட்டங்களுக்கு மட்டும் சிறிது விலக்கு வைத்துக்கொண்டார்.

இந்த விதிகளின் அழகு என்ன தெரியுமா? 'எப்போது ஏறுவது' என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. கையில் 100 டாலர் இருந்தால் பெரிய போட்டிக்கு 2 டாலர்தான். 500 ஆனால் 10 டாலர் போட்டி திறக்கிறது. அந்த 500, நஷ்டப்பட்டு 300 ஆகிவிட்டதா? அப்படியானால் 6 டாலருக்கு இறங்கு! பெர்குஸன் இப்படியே ஏறி இறங்கி, இறங்கி ஏறி, முடிவில் 10,000 டாலரை எட்டிவிட்டார். பல லட்சம் வைத்திருந்தவருக்கு 10,000 ஒரு பொருட்டல்ல. விதியைக் கடைப்பிடிக்க முடியும் என்று காட்டுவதே அவருடைய நோக்கம்.

ஆறு வெற்றி, நாலு தோல்வி, ஆனாலும் நஷ்டம்!

"நன்றாக ஆடத் தெரிந்தவன் துணிந்து பெரிதாகப் போட்டால் என்ன? சீக்கிரம் பணக்காரன் ஆகலாமே?" என்று தோன்றும். இதற்கு அடுக்களையிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பத்து தடவைக்கு ஆறு தடவை நாம் ஜயிக்கிற ஒரு பந்தயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைத்த பணம் அளவுக்கு லாபம்; தோற்றால் வைத்தது போயிற்று. இதைவிடச் சாதகமான பந்தயம் கிடைக்குமா? கையில் 100 ரூபாய்.

முதல் வழி: ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் வைப்பது. ஆறு வெற்றி, நாலு தோல்விக்குப் பின் 100 ரூபாய் 122 ரூபாய் ஆகியிருக்கும்.

இரண்டாவது வழி: ஒவ்வொரு தடவையும் ஐந்தில் இரண்டு பங்கை வைப்பது. அதே ஆறு வெற்றி, அதே நாலு தோல்வி. கையில் எவ்வளவு இருக்கும்? 97 ரூபாய் 60 பைசாவுக்குக் கிட்டத்தட்ட! ஆறு தடவை ஜயித்தும் முதலில் கை வைத்தாயிற்று. வெற்றி தோல்வி எந்த வரிசையில் வந்தாலும் விடை மாறாது. சந்தேகமிருந்தால் வீட்டில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

காரணம் சுலபம். 100 ரூபாயில் 40 போய்விட்டால் 60 நிற்கிறது. அந்த 60-க்கு மேல் நூற்றுக்கு 40 வீதம் லாபம் வந்தாலும் 84-தான் ஆகும். விழுந்த பள்ளத்திலிருந்து ஏறுவதற்கு, விழுந்ததைவிட அதிகப் பலம் வேண்டும். பாதி போய்விட்டால் இரட்டிப்பாக்கினால்தான் பழைய இடம். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஜான் கெல்லி என்பவர் 1956-ல் இதை ஒரு சூத்திரமாகவே எழுதிவிட்டார். நமக்குச் சாதகம் எவ்வளவோ அதற்குத் தக்க அளவுதான் வைக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி வைத்தால் நல்ல பந்தயமும் கெட்ட பந்தயம் ஆகிவிடும் என்பது அதன் சாரம். மேலே சொன்ன பந்தயத்துக்கு அவர் சூத்திரம் சொல்லும் அளவு சரியாக ஐந்தில் ஒரு பங்குதான்.

அதிருஷ்டம் போடும் வேஷம்

போட்டி ஆட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆடுகிறவர் கெட்டிக்காரரா, அதிருஷ்டசாலியா என்பது லேசில் தெரியாது.

நாமே ஒரு போட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். 100 பேர், ஆளுக்கு 11 டாலர். அதில் ஒரு டாலர் நடத்துகிறவருக்குப் போக, பரிசுத் தொகை 1,000 டாலர். முதல் பரிசு 250, அடுத்தது 160, பிறகு 110, 90 என்று குறைந்துகொண்டே வந்து, பன்னிரண்டாவது ஆளுக்கு 30. மற்ற 88 பேருக்கும் வெறுங்கை.

இதில் நடுத்தரமான ஆட்டக்காரர் சராசரியாக 11 டாலர் கொடுத்து 10 டாலர் திரும்பப் பெறுகிறார். அதாவது, ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு டாலர் நஷ்டம். எல்லாரையும்போல ஆடுகிறவர் நிச்சயம் தோற்பார். ஜயிக்கிறவர் நடத்துகிறவர் மட்டுமே! ஆகவே, மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுவது போதாது. அந்தக் கட்டணத்தையும் ஈடு கட்டும் அளவு நன்றாக ஆட வேண்டும்.

நல்ல ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார்; போட்ட பணத்துக்கு நூற்றுக்குப் பத்து லாபம் பார்க்கும் திறமை அவருக்கு உண்டு என்போம். 100 போட்டிகள் ஆடினால் 110 டாலர் லாபம் வர வேண்டும். ஆனால் பரிசுகள் மேலே சொன்னபடி ஏற்றத்தாழ்வாக இருப்பதால், 100 போட்டிகளில் அதிருஷ்டம் மட்டுமே 350 டாலர் வரை இப்படியோ அப்படியோ இழுத்துவிடுவது சர்வ சாதாரணம். விளைவு, 100 போட்டிகளுக்குப் பிறகும் அந்த நல்ல ஆட்டக்காரர் நஷ்டத்தில் நிற்பதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அதே போல, தோற்கவே பிறந்த நடுத்தர ஆட்டக்காரர் 100 போட்டிகளுக்குப் பிறகு லாபத்தில் நிற்பதற்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு! இவர் தன்னை அர்ச்சுனன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த படிக்கு ஏறுவார். அவர் மனம் ஒடிந்து மூலையில் உட்காருவார். 1,000 போட்டிகள் ஆடினாலும் நல்ல ஆட்டக்காரர் நஷ்டத்தில் நிற்க ஆறில் ஒரு வாய்ப்பு ஏறக்குறைய மிச்சம் இருக்கிறது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். நூற்றுக்கு 15 போட்டிகளில் ஏதாவது பரிசு வாங்குகிறவர் கெட்டிக்காரர்தான். அவரே தொடர்ந்து பத்துப் போட்டிகளில் வெறுங்கையோடு திரும்புவது ஐந்து தடவைக்கு ஒரு தடவை நடக்கும். இருபது போட்டிகளில் தொடர்ந்து வெறுங்கை என்பதுகூட நூற்றுக்கு நாலு தடவை. வருஷம் முழுவதும் ஆடுகிறவருக்கு இந்த வறட்சி வராமல் போகாது. அந்த வறட்சியில் அடுப்பு அணையாமல் இருக்க வேண்டும் என்றால் கைமுதல் வேண்டும். பெரிய போட்டி ஆடுகிறவர்கள் குறைந்தது 100 நுழைவுக் கட்டணம் கையில் இருக்க வேண்டும், ஆயிரக் கணக்கில் ஆட்கள் கூடும் போட்டி என்றால் அதற்கு மேலும் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஏறும் முன் கேட்க வேண்டியவை

நிதானமான ஆட்டக்காரர்கள் படி ஏறும் முன் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் சில உண்டு.

'கைமுதல் இருக்கிறதா?' 11 டாலர் படியிலிருந்து 22 டாலர் படிக்குப் போக வேண்டுமானால், புதுப் படியின் கட்டணத்தைப்போல் 100 மடங்கு, அதாவது 2,200 டாலர் வேண்டும். வீட்டு வாடகை, பள்ளிக்கூடச் சம்பளம், மளிகைக் கடைப் பாக்கி எதுவும் அதில் சேராது. கடன் வாங்கிய பணம் கைமுதலே அல்ல. முழுதும் போனாலும் வீட்டில் உலை கொதிக்கும் என்ற பணந்தான் கைமுதல்.

'கணக்கு நோட்டு என்ன சொல்லுகிறது?' நேற்று வாங்கிய முதல் பரிசு எதையும் நிரூபிக்காது. பல நூறு ஆட்டங்களை ஒன்றுவிடாமல், நஷ்டத்தையும் சேர்த்து எழுதி வைத்திருக்க வேண்டும். ஜயித்ததை மட்டும் எழுதுகிற நோட்டு ஜாதகக் குறிப்புக்குச் சமானம். அதையும் ஒரு கூர்மையான கண்ணோடு பார்க்க வேண்டும். லாபம் முழுவதும் ஒரே ஒரு பெரிய பரிசில் வந்ததா? அந்த ஒரு நாளை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

'மேல் படியில் யார் இருக்கிறார்கள்?' கட்டணம் உயர உயர எதிராளிகளும் உயர்கிறார்கள். 11 டாலர் போட்டியில் நூற்றுக்குப் பத்து லாபம் பார்த்தவருக்கு ஆட்டம் ஒன்றுக்கு ஒரு டாலர் 10 சென்ட் கிடைத்தது. அவரே 22 டாலர் போட்டியில் பலசாலிகளோடு மோதி நூற்றுக்கு நாலுதான் பார்க்கிறார் என்றால், ஆட்டம் ஒன்றுக்கு 88 சென்ட். படி உயர்ந்தது, வரும்படி குறைந்தது, ஆபத்து இரட்டித்தது! பதவி உயர்வு கிடைத்துப் பட்டணத்துக்கு மாற்றலாகிப் போன பிறகு, பழைய ஊரில் மிச்சம் பிடித்ததுகூட மிஞ்சவில்லையே என்று கணக்குப் பார்க்கும் இல்லத்தரசிகளுக்கு இது புதிய பாடம் அல்ல.

'எப்போது இறங்குவேன்?' ஏறும் முன்பே பதில் சொல்லிவிட வேண்டிய கேள்வி இது. புதுப் படிக்கென்று பத்துக் கட்டணம், 220 டாலர், தனியாக எடுத்து வைத்துக்கொண்டு ஏறிப் பார்ப்பது ஒரு முறை. அது தீர்ந்தால் மறு பேச்சில்லாமல் பழைய படி. ஏறுவது எல்லாருக்கும் தெரியும். இறங்குவதற்குத்தான் வீரம் வேண்டும். 22 டாலர் மேசையில் உட்கார்ந்தவன் என்று நாலு பேர் பார்த்தபின், மறுபடி 11-க்கு வருவதா என்று மானம் தடுக்கும். அந்த மானந்தான் கைமுதலைத் தின்றுவிடும்.

கடைசிக் கேள்வி, 'கை நடுங்குகிறதா?' நுழைவுக் கட்டணம் உள்ளத்தை உறுத்தினால் ஆட்டம் கெட்டுப் போகும். துணிய வேண்டிய இடத்தில் பயந்து சீட்டைப் போட்டுவிடுவார். பயப்பட வேண்டிய இடத்தில், விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற ஆவேசத்தில் துணிந்துவிடுவார்.

தாவியவரும் தவறியவரும்

"படியாவது, கிடியாவது! ஒரே தாவாகத் தாவினவர் இல்லையா?" என்றால், இருக்கிறார். அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்தில் கணக்கராக இருந்த கிறிஸ் மணிமேக்கர். பெயரே அப்படி! 2003-ல் இணையத்தில் 86 டாலர் கட்டணம் செலுத்தி ஒரு தகுதிப் போட்டியில் வென்றார். அதன் பயனாக 10,000 டாலர் கட்டண உலகப் போட்டியில் இடம் கிடைத்தது. 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் பெற்றார். அவரைப் பார்த்து உலகம் முழுவதும் லட்சோப லட்சம் பேர் இணையத்தில் சீட்டைத் தொட்டார்கள். ஆனால் அவர் இழக்கத் துணிந்தது 86 டாலர்தான். மேலும், அன்று அதே 839 பேரில் வெறுங்கையோடு திரும்பியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்த ஒரு பெயரை வைத்து வழி கண்டுபிடிப்பது லாட்டரிக் கடைக்காரர் சொல்லும் சாஸ்திரம்.

தவறியவர் கதையும் உண்டு. ஸ்டூ உங்கர் என்ற மேதை அதே உலகப் போட்டியில் 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் முதலிடம் பெற்றவர். மூன்றாவது வெற்றிக்கு 10 லட்சம் டாலர் பரிசு. சீட்டில் அவரை வெல்ல ஆள் இல்லை. ஆனால் சீட்டில் வந்ததைக் குதிரையிலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் விட்டார். போதைப் பழக்கமும் சேர்ந்தது. 1998 நவம்பரில் லாஸ் வேகஸில் ஒரு சாதாரண விடுதி அறையில் 45-வது வயதில் இறந்து கிடந்தபோது, சொத்து என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. திறமைக்குப் பஞ்சம் இல்லை, அளவுக்குத்தான் பஞ்சம். தருமபுத்திரர் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முத்தும் மணியும் வைத்து ஆரம்பித்தவர் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு படி மேலே ஏறினாரே தவிர, ஒரு தடவையாவது இறங்கினாரா? கடைசியில் பணயம் வைக்கப்பட்டவள் திரௌபதி. வீட்டுப் பெண்ணைக் கேட்காமல் வைத்த பணயம் அது.

மேசைக்கு வெளியே இருக்கும் ஆபத்து

கணக்கையெல்லாம் சரியாகப் போட்டாலும், பணம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி மிச்சம். 2011 ஏப்ரல் 15-ந் தேதி அமெரிக்க அரசாங்கம் மூன்று பெரிய இணையப் போக்கர் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடர்ந்து, அவற்றின் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. அவற்றில் ஒன்று, பெர்குஸன் சபதம் முடித்த அதே 'புல் டில்ட்'. ஆட்டக்காரர்கள் போட்டு வைத்திருந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த நிறுவனத்திடம் பணம் இல்லை என்பது அப்போது வெளிவந்தது. நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவரான பெர்குஸனும் வழக்கில் சேர்க்கப்பட்டு, பிறகு சமரசத்தில் முடித்துக்கொண்டார். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பி வரத் தொடங்கியது 2014-ல்தான். நூற்றுக்கு 2 பங்கு என்று எண்ணி எண்ணி ஆடியவர்களுக்கும், மொத்தக் கைமுதலும் மூன்று வருஷம் எட்டாக் கனியாக இருந்தது!

நம் நாட்டு நிலவரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இணையச் சூதாட்டத்தில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தமிழ்நாட்டை உலுக்கிய பிறகு, தமிழ்நாடு சட்டமன்றம் 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அது 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. பின்பு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிருஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகவே, இந்தியாவில் இருந்துகொண்டு இந்தப் படிகளில் ஏறலாமா என்பதற்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ரகசியமாக ஆடுகிறேன் என்பவருக்குப் பணம் போனால் முறையிட இடம் கிடையாது.

சீட்டு நின்றாலும் படி ஏறும் ஆசை நிற்பதில்லை. பங்குச் சந்தையில் 'எதிர்கால ஒப்பந்தம்', 'ஆப்ஷன்' என்று ஆடிய தனி நபர்களின் கணக்கை 'செபி' என்னும் அரசுக் கண்காணிப்பு அமைப்பு ஆராய்ந்து, 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. மூன்று நிதி ஆண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்! அங்கேயும் தரகு என்ற பெயரில் அந்த 'ஒரு டாலர்' ஒவ்வொரு தடவையும் கழிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகையால், வாசக சகோதரிகளே, உங்கள் வீட்டில் கணவரோ, தம்பியோ, பிள்ளையோ கைப்பேசியை வைத்துக்கொண்டு, "போன வாரம் நல்ல லாபம்; இனிமேல் பெரிதாகப் போடப் போகிறேன்" என்றால், உடனே சண்டை பிடிக்க வேண்டாம். சண்டை பிடித்தால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லாமல் போடுவார். நிதானமாக உட்கார்ந்து மூன்றே கேள்வி கேளுங்கள். "நஷ்டத்தையும் எழுதிய நோட்டு எங்கே? இந்தப் பணம் முழுதும் போய்விட்டால் அடுத்த மாதம் எந்தச் செலவு நிற்கும்? எவ்வளவு போனால் நிறுத்துவீர்கள்?" மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வாங்கி, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

பதில் வரவில்லை என்றால், அடுத்த படியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இப்போது நிற்கும் படியும் அவருக்கு உயரந்தான்.